பிடிஓ சென்சார் கோடு: பட்டறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு லாரி ஒயரிங் பட்டறை. டிப்பர், சிமெண்ட் பல்கர், கோழித் தீவன வண்டி, செப்டிக் டேங்க் வண்டி, போர்வெல் ரிக் என்று பிடிஓ வைத்த வண்டிகள் எல்லாம் வரும். வர முடியாத வண்டி போனில் வரும். ஒரே சந்தேகத்தை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள், நானும் நாலு தடவை சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கோடு என்று இங்கே சொல்வது, ஸ்கேனர் கருவியை மாட்டினால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) காட்டும் கோளாறு எண்ணை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒயர் கலர், பின் நம்பர் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். லேலண்டுக்கு இருப்பது டாடாவுக்கு இருக்காது, பாரத்பென்ஸுக்கு வேறு. அதற்கு உங்கள் வண்டியின் ஒயரிங் படம்தான் வேண்டும். இங்கே இருப்பது எந்த வண்டியிலும் செல்லும் முறை.

ஏனுங்க, பிடிஓ பிடிஓன்னு எல்லாரும் சொல்றாங்க, அது என்னதுங்க? அதுக்கு எதுக்குங்க சென்சாரு?

பவர் டேக்-ஆஃப் என்பதன் சுருக்கம். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்கு மட்டும் அனுப்பாமல், வேறு வேலைக்கும் பிரித்துக் கொடுக்கிற சின்ன பல்சக்கரப் பெட்டி. டிப்பரில் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றித் தொட்டியைத் தூக்கும். பல்கரில் கம்ப்ரசரை ஓட்டி சிமெண்டை சைலோவுக்கு ஏற்றும். செப்டிக் டேங்க் வண்டியில் உறிஞ்சுகிற பம்பை ஓட்டும். டிப்பர்களில் பெரும்பாலும் கியர் பாக்ஸோடு சேர்த்து போல்ட் போட்டிருப்பார்கள். கேபினில் ஸ்விட்சைத் தட்டினால் சொலினாய்டு வால்வு திறக்கும்; ஏர் டேங்க் காற்று போய் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன், பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்கைத் தள்ளும்; பல் கோத்துக்கொள்ளும்.

பல் நிஜமாகவே கோத்ததா என்று சொல்வதுதான் சென்சாரின் வேலை. அது சொன்ன பிறகுதான் டேஷ்போர்டில் பிடிஓ விளக்கு எரியும், ஈசியு ஆர்பிஎம்மை ஏற்றி நிறுத்தும். கேபின் ஸ்விட்ச் போடுவது கட்டளை, சென்சார் கொடுப்பது பதில். பெரும்பாலான பிடிஓ கோடு இந்த இரண்டும் ஒத்துப்போகாத சண்டைதான்.

அண்ணா, லைட்டு எரியுது, ஆனா தொட்டி நல்லாத்தான் தூக்குதுங்ணா. லோடு இருக்குது, ஓட்டலாமுங்களா?

எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள். பிடிஓ படம் போட்ட விளக்கு எரிந்தால் அது கோடே இல்லை, பிடிஓ கோத்திருக்கிறது என்கிற தகவல். கேபின் ஸ்விட்சை அணைத்தும் அது எரிந்தால் ஓட்டாதீர்கள். பிடிஓ கோத்தபடியே ஓட்டினால் பம்ப் ரோட்டு வேகத்துக்கெல்லாம் சுற்றும், ஆயில் கொதிக்கும், சீல் போகும். தொட்டி தூக்கும் லிவர் கொஞ்சம் அசைந்திருந்தால் ஓடுகிற வண்டியில் தொட்டி எழும். தூக்கிய தொட்டியோடு மின்கம்பியில் மாட்டிய வண்டிகளின் கதை ஒவ்வொரு கிரஷர் ஏரியாவிலும் ஒன்றாவது இருக்கும்.

எரிவது எஞ்சின் விளக்கு மட்டும், பிடிஓ நிஜமாகவே கழன்றிருக்கிறது என்றால், லோடை இறக்கிவிட்டுப் பட்டறைக்கு வரலாம். கழன்றதா என்று எப்படித் தெரியும்? நியூட்ரலில் எஞ்சினை ஐடிலில் விட்டு, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பம்ப் ஷாஃப்ட் சுற்றக் கூடாது. பம்ப் நேராகப் பிடிஓவில் மாட்டியிருந்தால் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கான்கிரீட் மிக்சர் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வண்டி ஓடும்போதும் டிரம் சுற்ற வேண்டும் என்பதால் அதில் பிடிஓ எடுக்கும் விதமே வேறு மாதிரி, கிளட்சை மிதித்தாலும் நிற்காது.

ஸ்கேனர்ல ரெண்டு ரெண்டு நம்பரா வருதுங்க. ஒருத்தர் மூணுங்கறார், ஒருத்தர் ஏழுங்கறார். எதைங்க பார்க்கறது?

இரண்டையும். எஸ்பிஎன் என்பது எந்த இடம் என்று சொல்லும், எஃப்எம்ஐ என்பது அங்கே என்ன நோவு என்று சொல்லும். ஜே1939 என்கிற லாரிகளுக்கான பொது முறையில் எஸ்பிஎன் 186 பிடிஓ வேகம், 90 பிடிஓ ஆயில் சூடு, 980 பிடிஓ கவர்னரை இயக்கும் ஸ்விட்ச். இது தவிர கம்பெனிகள் தங்களுக்கென்று சில எண்களையும் வைத்துக்கொள்வார்கள்.

எஃப்எம்ஐ எல்லோருக்கும் பொது, அதைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு, பெரும்பாலும் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. 2 என்றால் சிக்னல் முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. 8 என்றால் சுற்றுகிற சென்சாரின் துடிப்பு சரியில்லை. 7 வந்தால் நான் மீட்டரையே எடுப்பதில்லை, முதலில் ஏர் லைனைத்தான் பார்ப்பேன். ஏனென்றால் 7 என்பது இரும்பு பக்கத்துக் கோளாறு: சொன்னதை அந்தப் பாகம் செய்யவில்லை என்று அர்த்தம்.

சில ஸ்கேனர்களில் பி என்று தொடங்கும் கோடு வரும். பி253ஏ என்பது பிடிஓ உணர் சர்க்யூட்டில் கோளாறு அல்லது ஒயர் விட்டது, பி253சி வோல்ட் கீழே, பி253டி வோல்ட் மேலே, பி253ஈ விட்டு விட்டு வருவது. பெயர் வேறு, விஷயம் அதேதான்.

கோடு வந்துருச்சுல்லங்க, சென்சாரை மாத்திட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு?

கரூர் பக்கத்துக் கிரஷரிலிருந்து ஒரு டிப்பர் வந்தது. எஃப்எம்ஐ 7. ஓனர் கையில் மூன்று பழைய சென்சார், மூன்றும் வேறு வேறு பட்டறையில் மாற்றியது. மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் நன்றாகவே வேலை செய்தன. பிடிஓவுக்குப் போகும் ஏர் குழாய் சைலன்சர் பக்கத்தில் லேசாக உருகி, காற்று கசிந்துகொண்டிருந்தது. பிஸ்டன் முக்கால் தூரம்தான் போனது. சென்சார் "இன்னும் கோக்கலை" என்று உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்னதற்கு மூன்று தடவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

கோடு காட்டுவது ஒரு சர்க்யூட்டை. அந்தச் சர்க்யூட்டில் காற்று, பிஸ்டன், ஃபோர்க், சென்சார், கப்ளர் (ஒயரை இணைக்கும் பிளக்), ஒயர், எர்த், ஈசியு எல்லாம் உண்டு. சென்சார் அதில் ஒன்று, மாற்றச் சுலபமானது. அதனாலேயே எல்லோரும் முதலில் அதில் கை வைக்கிறார்கள்.

என் வண்டியில இருக்கறது சாதா ஸ்விட்சா, சென்சாரா? எப்படிங்க கண்டுபிடிக்கறது?

ஒயரை எண்ணுங்கள். ஒரு ஒயர் அல்லது இரண்டு ஒயர், நுனியில் அமுங்குகிற குண்டு அல்லது குச்சி இருந்தால் அது சாதா ஸ்விட்ச். ஃபோர்க் வந்து அந்தக் குண்டை அமுக்கினால் உள்ளே தொடுப்பு சேரும். ஒற்றை ஒயர் என்றால் உடம்பே எர்த். இரண்டு ஒயர், நுனி மொட்டையாக, காந்தம் மாதிரி இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் அது சுற்றும் வேகத்தை அளக்கும் காயில் சென்சார். மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் காந்தத்தை உணரும் ஹால் சென்சார்: ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதி நேரம் வீணாகிறது. சாதா ஸ்விட்சுக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும்: உண்டு, இல்லை. ஒயர் அறுந்தாலும் ஈசியுவுக்கு அது "இல்லை" என்றுதான் கேட்கும். அதனால் சாதா ஸ்விட்ச் உள்ள வண்டியில் ஒயர் அறுந்தால் உடனே கோடு வராது. நீங்கள் பிடிஓ போட்டு, பதில் வராமல் சில நொடி கழிந்த பிறகுதான் வரும். மூன்று ஒயர் சென்சாரில் அப்படியில்லை, சாவி போட்டதுமே வோல்ட் தப்பு என்று பிடித்துவிடும். சில ஸ்விட்சுகளுக்குள் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அவையும் அறுந்ததைக் காட்டிக்கொடுக்கும். ஆக, கோடு எப்போது வருகிறது என்று டிரைவரிடம் கேளுங்கள். சாவி போட்டதுமா, பிடிஓ போட்டதுமா? பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

என்கிட்ட ஸ்கேனர் இல்லீங்க, மல்டிமீட்டர்தான் இருக்குது. நானே பார்க்க முடியுங்களா?

முடியும். அதற்கு முன்னால் மூன்று காரியம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தொட்டியைத் தூக்கி வைத்து வேலை என்றால் இரும்பு முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் படுத்தவர்கள் சிலர் எழவே இல்லை. தோள் துண்டையும் லுங்கியையும் கழற்றி வைத்துவிட்டு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுகிற ஷாஃப்ட்டில் துணி நுனி மாட்டினால் நீங்கள் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதலில் காற்று. டேஷ்போர்டு மீட்டரில் 7 கிலோவுக்கு மேல் ஏறட்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, பிடிஓ ஸ்விட்சைத் தட்டுங்கள். சொலினாய்டு "டக்" என்று சொல்ல வேண்டும். கிளட்சை மிதித்தால்தான் வால்வு திறக்கும் வண்டியும் உண்டு, அதையும் செய்து பாருங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சொலினாய்டுக்கு 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சத்தம் வந்து, "புஸ்" என்று காற்றும் தொடர்ந்து கசிந்தால் குழாய் அல்லது பிஸ்டன் சீல். சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரிந்துவிடும்.

அடுத்து ஸ்விட்ச். கப்ளரைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்து இரண்டு பின்னுக்கும் மீட்டரைப் போடுங்கள். பிடிஓ கழன்றிருக்கும்போது தொடுப்பு இருக்கக் கூடாது, கோத்ததும் ஒன்றிரண்டு ஓம்ஸுக்குள் வர வேண்டும். சில ஸ்விட்ச் இதற்கு நேர் மாறாகவும் வேலை செய்யும், இரண்டு நிலையிலும் மாறுகிறதா என்பதுதான் முக்கியம். எஞ்சின் நின்றிருந்தால் பல்லுக்குப் பல் முட்டிக்கொண்டு கோக்காமல் போகலாம், அதனால் ஐடிலில் ஓட விட வேண்டியிருக்கும். அப்போது வண்டிக்கு அடியில் ஆள் இருக்கக் கூடாது. நான் ஐந்து மீட்டர் ஒயர் இரண்டு வைத்திருக்கிறேன். கிளிப் மாட்டி, ஒயரைக் கேபினுக்குள் கொண்டுவந்து, சீட்டில் உட்கார்ந்தபடி மீட்டரைப் பார்ப்பேன். மூன்று ஒயர் சென்சார் என்றால் சாவியைப் போட்டு, கழற்றிய கப்ளரின் ஒயரிங் பக்கம் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். பெரும்பாலும் 5 வோல்ட் இருக்கும், சில வண்டியில் பேட்டரி வோல்ட்டே வரும். அது வரவில்லை என்றால் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியாது, சாப்பாடு போடாமல் வேலை வாங்குகிற கதைதான்.

ஒயருலதான் கோளாறா, சென்சாருலதான் கோளாறான்னு ஒரே அடியில தெரிஞ்சுக்க வழி இருக்குதுங்களா?

ஸ்கேனர் இருந்தால் உண்டு, எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். மூன்று ஒயர் சென்சாருக்கு. எஃப்எம்ஐ 4 வந்திருக்கிறது என்று வையுங்கள், அதாவது வோல்ட் கீழே. சாவியை அணைத்துச் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள், மறுபடி சாவியைப் போட்டுப் படியுங்கள். கோடு 3 அல்லது 5 என்று மாறினால் ஈசியுவும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன, சென்சார்தான் உள்ளே ஷார்ட். கழற்றிய பிறகும் 4 மாறாமல் நின்றால் சப்ளை வருகிறதா என்று முன் சொன்னபடி பாருங்கள். சப்ளை இருந்தால், சிக்னல் ஒயர் வழியில் எங்கேயோ சேசிஸில் உரசி எர்த் ஆகிறது.

3 வந்திருந்தால் தலைகீழ். கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்தில் சிக்னல் பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் ஒரு சின்ன ஒயரால் சேருங்கள். 4 ஆக மாறினால் ஒயர் நன்றாக இருக்கிறது. மாறாவிட்டால் அந்த இரண்டில் ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது சிக்னல் ஒயர் ஏதாவது பிளஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சப்ளை பின்னைத் தொடாதீர்கள். 24 வோல்ட்டைக் கொண்டுபோய்ச் சிக்னல் ஒயரில் வைக்கவே வைக்காதீர்கள், ஈசியு விலைக்கு ஒரு ஜோடிக் காளை வாங்கலாம். பழைய பல்பு டெஸ்ட் லேம்பும் இந்த ஒயர்களுக்கு ஆகாது, அது இழுக்கிற கரண்ட்டை ஈசியு தாங்காது.

புது சென்சார், கம்பெனி பீஸேதான் போட்டேனுங்க. மறுபடி அதே கோடு. இப்ப என்னங்க பண்றது?

வாஷரை எண்ணுங்கள். ஸ்விட்சுக்கு அடியில் செம்பு வாஷர் ஒன்று வரும். ஆயில் கசிகிறது என்று யாரோ இரண்டு போட்டிருப்பார்கள், அல்லது பழைய வாஷர் ஓட்டையிலேயே ஒட்டியிருக்க அதன்மேல் புதியதைப் போட்டிருப்பார்கள். ஒரு வாஷர் கூடினால் ஸ்விட்ச் அந்த அளவுக்கு வெளியே வந்துவிடும், ஃபோர்க் குண்டை எட்டாது. வாஷரே இல்லாமல் இறுக்கினால் எப்போதும் அமுங்கியே நிற்கும், பிடிஓ கழன்றாலும் "கோத்திருக்கு" என்று சொல்லும். இதுவரை நான் பார்த்த "புது சென்சார் போட்டும் சரியாகலை" வண்டிகளில் வாஷர் கதைதான் அதிகம்.

வாஷர் சரி என்றால் ஸ்விட்சைக் கழற்றி கட்டை விரலால் குண்டை அமுக்கி மீட்டரைப் பாருங்கள். விரலுக்கு வேலை செய்து வண்டியில் செய்யாவிட்டால் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது, அல்லது முன்னால் சொன்ன மாதிரி காற்று போதாமல் பிஸ்டன் பாதியில் நிற்கிறது. கழற்றும்போது அந்த ஓட்டை வழியாக கியர் ஆயில் வரலாம், அடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். காயில் சென்சார் என்றால் நுனி இரும்புத்தூளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கும். தூள் கைநிறைய வந்தால் பல் தேய்கிறது, அது கியர் பாக்ஸ்காரர் வேலை.

மழை பெஞ்சா கோடு வருதுங்க, வெயிலடிச்சா தானா போயிருது. பேய் புடிச்ச வண்டியா இது?

பேயெல்லாம் இல்லை, கப்ளரில் தண்ணீர். கிரஷர் தூளும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் கப்ளருக்குள் பசை மாதிரி ஒரு சேறு ஆகும், அது கரண்ட்டைக் கடத்தும். கழற்றிப் பாருங்கள், பின் பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றில் ஊதி, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் வரும் கோடுக்கும் இதே வைத்தியம். முன்னால் யாராவது ஊசியால் ஒயர் தோலைக் குத்திப் பார்த்திருந்தால் அந்த ஓட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கி, செம்பு உள்ளேயே பொடியாகிவிடும். வெளியே ஒயர் புத்தம் புதுசாகத் தெரியும். அதனால் குத்தாதீர்கள், கப்ளரின் பின்பக்கம் மெல்லிய பின்னை நுழைத்து அளந்துகொள்ளுங்கள்.

மழைக்குச் சம்பந்தமில்லாமல், மேடு பள்ளத்தில் மட்டும் வந்து போனால் ஒயர் எங்கோ உரசுகிறது. ஐடிலில் விட்டு, மீட்டரையோ ஸ்கேனரையோ ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஒயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பிடிஓ கழன்றிருக்கட்டும், கை ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது. கியர் பாக்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒயர் தாவும் இடம்தான் முதல் சந்தேகம். எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. நாமக்கல் பக்கத்துத் தீவன வண்டி என்றால் இரண்டாவது சந்தேகம் எலி. மக்காச்சோள வாசனைக்கு ஏறி, இரவெல்லாம் ஒயரில் பல்லைத் தீட்டிவிட்டுப் போகும்.

அதெல்லாம் விடுங்ணா. ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விட்டுட்டா லைட்டு போயிருமாமா?

போகாது, பல வண்டியில் வேறு கோடு வரும். முறுக்கிவிட்டால் "கோத்திருக்கு" என்று எப்போதும் பதில் போகும். நீங்கள் கட்டளையே கொடுக்காதபோதும் பதில் வந்தால் ஈசியு சும்மா இருக்குமா? ஆர்பிஎம் ஏறி நிற்கலாம், வேகம் கட்டாகலாம்.

அதைவிட மோசம், நிஜமாகவே பிடிஓ கழலாமல் நிற்கும் ஒரு நாளில் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இந்த வேலையை எவ்வளவு கொடுத்தாலும் நான் செய்வதில்லை. கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போயிருக்கிறார்கள், போகட்டும்.

பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுனா கோடு அழிஞ்சுருமுங்களா?

பழைய வண்டி சிலவற்றில் அழியும். இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் நினைவில் நிற்கும். அழிந்தாலும் என்ன லாபம்? கோளாறு இருந்தால் திரும்ப வரும். ஸ்கேனரில் இப்போது இருக்கும் கோடு, முன்பு வந்துபோன கோடு என்று தனித்தனியாகக் காட்டும். வந்துபோன கோடை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கையும் இருந்தால் அதையும். பட்டறைக்கு வருமுன் அழித்துவிட்டு வருகிறவர்கள், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டு டாக்டரிடம் போய் உடம்பு சுடுகிறதா பாருங்கள் என்று கேட்பவர்கள் மாதிரி.

பாடி கட்டுன பட்டறைக்குப் போறதா, ஷோரூமுக்குப் போறதா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அங்க போ இங்க போங்கறாங்க.

நாமக்கல், திருச்செங்கோடு வண்டிகளுக்கு இது தீராத வழக்கு. சேசிஸ் ஒரு இடத்தில் வாங்குகிறோம், தொட்டியும் ஹைட்ராலிக்கும் இன்னொரு இடத்தில் ஏறுகிறது. பிடிஓ சென்சார் ஒயர் இரண்டு பேருடைய எல்லையையும் தாண்டிப் போகிறது. சென்சாரிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். கம்பெனிக் கப்ளரில் போய்ச் சேரும் வரை உள்ள ஒயர் யார் போட்டதோ அவர் பொறுப்பு. பாடி பட்டறை ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு இருக்கும், கம்பெனி ஒயரில் அப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஒட்டு பெரும்பாலும் இருக்காது. அந்த ஒட்டுதான் எனக்கு முதல் சந்தேகம்.

தொட்டி மேலே நிற்கிறது என்று சொல்லும் ஸ்விட்ச் வேறு, பிடிஓ ஸ்விட்ச் வேறு. தொட்டிக்கு அடியில் சேசிஸ் மேல் இருப்பது முன்னது. இரண்டையும் குழப்பி, நல்ல பாகத்தை மாற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு.

டிப்பர் தொட்டியில வெல்டிங் வெச்சோமுங்க. அதுக்கப்புறம்தான் இந்தக் கோடு.

வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றினீர்களா? ஈசியு கப்ளரைக் கழற்றினீர்களா? வெல்டிங் எர்த்தை வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். அந்தக் கரண்ட் திரும்பிப் போக வழி தேடி ஒயரிங் வழியாக ஓடியிருக்கும். முதலில் பிடிஓ ஃபியூஸையும், கியர் பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். பிடிஓ போட்டிருக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் பிடிஓ உடம்புக்கும் நடுவே வோல்ட் அளந்தால் 0.2க்குள் இருக்க வேண்டும். அது சரியாக இருந்து, முன்னே சொன்ன கப்ளர் சோதனையில் ஒயரும் தேறிவிட்டால், அப்புறம்தான் ஈசியுவைச் சந்தேகப்படலாம்.

ரிக் வண்டி ஒடிசாவுல நிக்குதுங்க, பக்கத்துல மெக்கானிக் யாரும் இல்ல. போன்லயே சொல்லுங்க சாமி.

திருச்செங்கோட்டு ரிக்குகள் நாடு முழுக்கப் போகின்றன, அதனால் இந்தப் போன் எனக்குப் பழக்கம். நான் கேட்பது நாலு: ஏர் எத்தனை கிலோ, கோடு சாவி போட்டதும் வருதா பிடிஓ போட்டதும் வருதா, சொலினாய்டு சத்தம் உண்டா, கடைசியாக அந்த இடத்தில் யார் என்ன வேலை பார்த்தது. நாலாவதுக்குக் கிடைக்கும் பதிலிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். "முந்தா நேத்து கிளட்ச் பிளேட் மாத்துனோமுங்க" என்பார்கள். கியர் பாக்ஸ் இறக்கும்போது கப்ளரைக் கழற்றி, மாட்டும்போது பாதி அமுக்கி விட்டிருப்பார்கள். "டக்" என்று சத்தம் வரும் வரை அமுக்கச் சொல்வேன்.

கோடே வரலீங்க. ஆனா பிடிஓ போட்டா ஆர்பிஎம் ஏறவே மாட்டேங்குது.

அப்போது சென்சாரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏற ஈசியு பிடிஓ பதிலை மட்டும் கேட்பதில்லை. வண்டியைப் பொறுத்து ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, நியூட்ரலா, கிளட்ச் மிதியாமல் இருக்கிறதா, பிரேக் மிதியாமல் இருக்கிறதா, வண்டி வேகம் சுழியமா என்று எல்லாவற்றையும் கேட்கும். ஒன்று "இல்லை" என்றாலும் ஏறாது, கோடும் வராது. ஈசியுவைப் பொறுத்தவரை எதுவும் கெட்டுப்போகவில்லை, நிபந்தனை நிறைவேறவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, ஒவ்வொன்றாக மிதித்து விட்டுப் பாருங்கள், எது மாறாமல் நிற்கிறதோ அதுதான். அடிக்கடி மாட்டுவது பிரேக் பெடல் ஸ்விட்ச். ஸ்கேனர் இல்லாதவர்கள் வண்டிக்குப் பின்னால் ஆளை நிறுத்தி பிரேக் லைட் அணைகிறதா என்று பார்த்தாலே போதும்.

பிடிஓ கோடு கூடவே இன்னும் நாலஞ்சு கோடு வருதுங்க. எல்லாமே ஒண்ணாப் போயிருச்சா?

எல்லாம் ஒரே நாளில் போகாது. பொதுவான ஒன்றைத் தேடுங்கள். பல சென்சாருக்கு ஒரே 5 வோல்ட் சப்ளைதான் போகும். அதில் ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் மற்றவை எல்லாம் பட்டினி. ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட்டைப் பாருங்கள், எதைக் கழற்றும்போது வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் திருடன்.

கோடுகள் தகவல் வரவில்லை என்ற வகையாக, எஃப்எம்ஐ 9 அல்லது 19 ஆக இருந்தால் கேன் ஒயரை, அதாவது வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் ஒயர் ஜோடியைப் பாருங்கள். பேட்டரி கட்-ஆஃப் போட்டுவிட்டு, ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டில் 6க்கும் 14க்கும் நடுவே ஓம்ஸ் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 பக்கம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் விட்டுவிட்டது, அல்லது ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது.

பிஎஸ்-6 வண்டிங்க. ரீஜென் ஆகவே மாட்டேங்குது, ஷோரூம்ல பிடிஓவைப் பாருன்னுட்டாங்க. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, அவர்கள் சொன்னது சரி. பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது நிறைந்ததும் சூடேற்றிக் கரியை எரிப்பதுதான் ரீஜென். பிடிஓ ஓடும்போது வண்டியைச் சுற்றி ஆள் நிற்பார்கள், பைப் இழுப்பார்கள், சில இடத்தில் காய்ந்த புல் கிடக்கும். அந்த நேரத்தில் அவ்வளவு சூடு வேண்டாம் என்று பல வண்டிகளில் பிடிஓ போட்டிருந்தால் ரீஜெனைத் தடுத்துவிடுவார்கள்.

இப்போது ஸ்விட்ச் அமுங்கியே மாட்டிக்கொண்டது, அல்லது யாரோ இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். வண்டி பைபாஸில் போய்க்கொண்டிருந்தாலும் ஈசியு கண்ணுக்கு பிடிஓ ஓடிக்கொண்டேயிருக்கிறது. ரீஜென் நடக்காது, கரி ஏறும், அப்புறம் இழுவை குறையும், கடைசியில் ஃபில்டரைக் கழற்ற வேண்டி வரும். ஸ்கேனரில் பிடிஓ நிலையைத் திறந்து, பிடிஓ போடாமல் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். "ஆன்" என்று இருந்தால் கப்ளரைக் கழற்றுங்கள். "ஆஃப்" ஆனால் ஸ்விட்ச், வாஷர், ஃபோர்க் என்று மேலே சொன்ன வரிசை. கழற்றியும் "ஆன்" என்றே நின்றால் ஒயரைப் பிடித்துக்கொண்டு போங்கள், முறுக்கிய இடம் ஏதாவது டேப்புக்குள் ஒளிந்திருக்கும்.